பச்சை மனிதர்கள்

சுடர்மணி பம்ப்ஸ் நிறுவனத்தின் அடுத்த ஆண்டுத் திட்டத்தை எந்தத் திரையில் பார்ப்பது என்ற கேள்வி, கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டும் முடியாமல், கடைசியில் பிள்ளையாரிடம் போய்ச் சேர்ந்தது.

சிரிக்க வேண்டியதில்லை. செவ்வாய்க் கிரகத்தில் குடியேறியவர்கள் ஆழ்துளை போட்டு, உறைந்த நீரை உருக்கிக் குடிக்கத் தொடங்கிவிட்ட காலம் அது. அங்கே ஓடிய மோட்டார்களில் பாதி, கோவைக்கு வடக்கே இருந்த இந்தத் தொழிற்சாலையிலிருந்து போனவைதான். ஆனால் அதன் முதலாளி மயில்சாமி, எந்தப் பெரிய முடிவையும் தொழிற்சாலை வாசலில் இருந்த பிள்ளையார் கோவிலில் பூக் கேட்காமல் எடுத்ததில்லை. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலங்களில் மடித்துச் சாமி காலடியில் வைக்கப்படும். மனத்தில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். செவ்வாய் ஒப்பந்தமே சிவப்பு அரளியில் வந்ததுதான்.

அதுவரை அங்கே திட்டம் என்றால் மின்னஞ்சலில் சுற்றும் கணக்குத் தாள்கள். விற்பனைப் பிரிவின் தாளில் ஒரு எண் இருக்கும், உற்பத்திப் பிரிவின் தாளில் அதில் பாதி இருக்கும். யாருடைய தாள் புதியது என்ற வாக்குவாதத்திலேயே கூட்டத்தின் பாதி நேரம் போய்விடும். மீதி நேரம் வடையில் போகும். இதற்கு ஒரு முடிவு கட்ட, எல்லாருக்கும் பொதுவாக இணையத்தில் ஒரே திரை வேண்டும் என்று கேட்டவள் திட்ட அதிகாரி சிவசங்கரி. கேட்ட பிறகு இரண்டு திரைகள் வந்து நின்றன. ஒன்றின் பெயர் கோடு. வழக்கமான கம்பங்கள், வட்டங்கள், ஏறி இறங்கும் கோடுகள். மற்றொன்றின் பெயர் வீதி. அதை விளக்கிக் காட்ட நாகர்கோவில்காரனான ஜெரின் வந்திருந்தான்.

"உங்க விவரமெல்லாம் ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு சார்," என்றான் ஜெரின். "வருகை, சம்பளம், உற்பத்தி, குறைப்பெட்டியில விழுந்தது, கூட்டத்துல பேசின குரல், எல்லாமே உள்ள கெடக்கு. நாங்க அதுக்கு ஒரு வாசல் வைக்கோம், அவ்வளவுதான்."

"வாசல் வெச்சா யாராச்சும் வரணுமே தம்பி?"

"வருவாங்க சார். பாத்துக்கிடுங்க."

சுவர்த் திரையில் ஒரு பெரிய முற்றம் விரிந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் அத்தனை பேரும் கட்டைவிரல் உயரத்தில் அதில் நின்றார்கள். பெரும்பாலோர் பச்சை. அங்கங்கே மஞ்சள், சிவப்பு.

"பச்சைன்னா மனக்குறை இல்ல. சிவப்புன்னா இருக்கு. திட்டத்துல எதை மாத்தினாலும் அடுத்த வருஷம் இவங்க எப்படி இருப்பாங்கன்னு உடனே காட்டும். வேணும்னா வாய் திறந்தும் பேசுவாங்க. சும்மா, டீ நேரத்தைக் கொஞ்சம் கொறைச்சுப் பாருங்க சார்."

மயில்சாமி விரலால் குறைத்தார். பேக்கிங் பிரிவில் ஏற்கெனவே பாதிப் பேர் சிவப்பு, மீதிப் பேரும் ஒரே நொடியில் சிவந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பொம்மை இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னே வந்தது.

"ஏனுங்க சார், டீ ஆறுறதுக்கே அந்த நேரம் பத்தாதுங்க! நாங்க என்ன வாயில ஊத்திக்கிட்டு ஓடறதா?"

மயில்சாமி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "அட, இது நம்ம பேக்கிங் துரைசாமியேதான்!" அவசரமாக டீ நேரத்தைப் பழையபடி வைத்தார். பொம்மை ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தது. "நன்றிகூடச் சொல்லாமப் போறான் பாருங்க. சந்தேகமே இல்ல, அவனேதான்."

சிவசங்கரிக்கு இது பிடிக்கவில்லை. "சார், நமக்குக் கோடும் கம்பமும் போதுமுங்க. கோடு எறங்குனா எறங்குதுன்னு தெரியும். இதுக பேசறத நம்பி ஒரு முடிவெடுத்தா, அது யாரெடுத்த முடிவுங்க?"

"கோடு பேசாதே கண்ணு," என்றார் மயில்சாமி.

அவருடைய மனைவி சுடர்மணி காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாசலில் பெயர்ப்பலகையாக நின்ற பெயர் வீட்டுக்குள் இல்லை. பேசுகிற எதன் மீதும் அவருக்கு ஓர் ஆசை வந்திருந்ததைச் சிவசங்கரி அறிவாள்.

பூக் கேட்டார்கள். வெள்ளை என்றால் கோடு, சிவப்பு என்றால் வீதி. எதிர்க்கட்சியே எடுக்கட்டும் என்று சிவசங்கரியை எடுக்கச் சொன்னார் மயில்சாமி. அவள் பிரித்த பொட்டலத்தில் சிவப்பு அரளி இருந்தது. பூசாரி ஆண்டியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "நல்லதுங்க," என்று மட்டும் சொல்லித் திருநீறு கொடுத்தார்.

வீதி வேலைக்கு வந்தது. செவ்வாயிலிருந்து புதிதாக வந்திருந்த பெரிய ஆர்டருக்கு எப்படித் தயாராவது என்று அதனிடம் கேட்டார்கள். அது தயங்காமல் சொன்னது: மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவுதான் பின்தங்கி நிற்கிறது. கம்பி வீணாவதும் அங்கேதான் அதிகம். சுற்றிய காயில்களை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு, அந்தப் பிரிவை மூடி, அங்குள்ள பதினான்கு பெண்களையும் சித்திரையோடு அனுப்பிவிடலாம்.

மயில்சாமி நல்ல மனிதர். ஆளை அனுப்புவது அவருக்குப் பழக்கமில்லை. "அவிய என்ன சொல்றாங்கன்னு கேளுங்க தம்பி," என்றார்.

ஜெரின் திட்டத்தை ஓட்டினான். வைண்டிங் பிரிவு மூடப்பட்டது. பதினான்கு பொம்மைகளும் பச்சையாகவே நின்றன, ஒருத்தி முகத்தில்கூட மஞ்சள் தட்டவில்லை. அவர்களில் மூத்தவளான கோகிலவாணியின் பொம்மை முன்னே வந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். நாங்க பாத்துக்கறமுங்க. நீங்க சாப்ட்டீங்களா?"

மயில்சாமிக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. "பாத்தியா கண்ணு, ஒரு வருத்தமும் இல்ல."

"பச்சைன்னா பச்சைதான் சார்," என்றான் ஜெரின். "அவங்க இத்தனை வருஷம் பேசின பேச்சை வச்சுத்தான் சொல்லுது. குறைப்பெட்டியில அந்தப் பிரிவுல இருந்து ஒரு துண்டுச் சீட்டுகூட விழல."

காயில் விற்பவரின் ஒப்பந்தம் மேசை மேல் தயாராக இருந்தது. மயில்சாமி பேனாவை எடுத்தார். சிவசங்கரிக்கு எதுவோ சரியில்லை என்று தெரிந்தது, எது என்றுதான் சொல்லத் தெரியவில்லை. கையில் கிடைத்ததை எடுத்து வீசுவது போல, "அப்ப உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க சார்," என்றாள்.

"என்னையா?"

"நீங்களும் சம்பளம் வாங்கறீங்கல்ல? அதோ, கேட் பக்கத்துல நிக்கறீங்க பாருங்க."

நின்றது. ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் கூன் போட்டு, பளிச்சென்ற பச்சையில். மயில்சாமி வேடிக்கையாகக் குனிந்து, "என்னப்பா மயில்சாமி, எப்படி இருக்கறே?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கறேனுங்க," என்றது அது. "ஒரு கொறையுமில்லீங்க." கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பும் சிரித்தது.

அந்தச் சிரிப்பு மயில்சாமிக்குத் தெரியும். காலையில் தங்கச்சி போனில் கேட்டபோது அதே வாக்கியத்தைச் சொல்லி அதே சிரிப்பைத்தான் சிரித்திருந்தார். சமையலறையில் நின்றபடியே தயிர் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. வங்கிக்காரர் கேட்டபோதும் அதேதான் சொன்னார். இந்த இரண்டு ஆண்டுகளில் அதை எத்தனை பேரிடம் சொன்னோம் என்று அவருக்கே தெரியாது.

"பொய் சொல்றான்," என்றார் மெதுவாக.

"சார்?" என்றான் ஜெரின்.

"இவன் பொய் சொல்றான் தம்பி. எனக்குத் தெரியும்."

"அது உங்க விவரத்தை வச்சு..."

"விவரம் சரிதான். ஆளுதான் சரியில்ல." பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

வைண்டிங் பிரிவில் கோகிலவாணி அவரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "வாங்க சார்."

"எல்லாம் நல்லபடியா இருக்குதா அம்மிணி?"

"ஒண்ணும் கொறையில்லீங்க சார்."

அதே குரல். ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. ஜெரினின் திரையை யாரும் குற்றம் சொல்ல முடியாது. மயில்சாமி காலியான ஒரு கம்பி டிரம்மை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். முதலாளி அந்த அறையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு நல்லா இல்ல அம்மிணி," என்றார்.

ஒன்றன்பின் ஒன்றாக இயந்திரங்கள் நின்றன.

"வூட்டுக்குப் போனா ஒரு சத்தமும் இல்ல. காலையில எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்குது. யார்கிட்டயும் சொன்னதில்ல. கேட்டா நல்லா இருக்கறேங்கறேன்."

கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியுமுங்க சார்."

"தெரியுமா?"

"அம்மா போனதுல இருந்து தெரியுமுங்க. தெனமும் இந்தக் கதவுகிட்ட வந்து நிப்பீங்க. எதையோ கேக்க வந்தவராட்டப் பாப்பீங்க. அப்பறம் போயிருவீங்க. அதனாலதான் நாங்களே பேசி வெச்சுக்கிட்டமுங்க. மனுசன் இருக்கற நெலமையில நம்ம கொறையையும் கொண்டுபோயி அவரு தலையில ஏத்தக் கூடாது, யாரு வந்து கேட்டாலும் ஒண்ணுமில்லேன்னு சொல்லிரோணும்னு."

"என்ன கொறை?"

பின்னாலிருந்து ஒரு பெண், "சொல்லுக்கா, அதான் அவரே வாயத் தொறந்துட்டாரில்ல," என்றாள்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க..." என்று ஆரம்பித்த கோகிலவாணி, தானே சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "இல்லீங்க, இருக்குதுங்க. கம்பிய இழுத்துப் பிடிக்கிற பிடி தேஞ்சு போச்சுங்க. கம்பி அறுந்துட்டே இருக்குது. சைக்கிள் டியூப்ப வெட்டிக் கட்டித்தானுங்க ஓட்டிட்டு இருக்கறோம். சித்த நேரம் நிக்கும், மறுபடி அறுந்துரும்."

மயில்சாமி எட்டிப் பார்த்தார். இயந்திரம் ஒவ்வொன்றிலும் கறுப்பு ரப்பர்த் துண்டுகள் பூப்போல முடிச்சிட்டுக் கிடந்தன. அவருக்கு பேக்கிங் பிரிவு நினைவுக்கு வந்தது. இதே இரண்டு ஆண்டுகளில் அங்கே புதிய மின்விசிறிகள் போயின. பிறகு ஒரு டீ மிஷின் போனது. அதில் டீ தண்ணியாக வருகிறது என்று துரைசாமி கத்திய கத்தலில் இன்னொரு டீ மிஷினும் போனது. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. அவருக்காக வாயை மூடிக்கொண்ட இடத்தில் மட்டும் கம்பி அறுந்துகொண்டிருந்தது. திரை அந்த அறுந்த கம்பியை எண்ணியது. அது ஏன் யார் காதுக்கும் வரவில்லை என்பதை எண்ண அதற்கு வழியில்லை.

"உங்க செக்ஷன மூடிரலாம்னு திரை சொல்லுச்சு அம்மிணி," என்றார். மறைக்க மனம் வரவில்லை. "நீங்க சம்மதிச்சுட்டீங்கன்னும் சொல்லுச்சு."

"நானுங்களா?"

"உன்ற பொம்மை."

"அதெப்படீங்க, என்னைக் கேக்காம எனக்காகப் பேசும்?" அவள் முகம் சிவந்தது. பிறகு குரல் தணிந்தது. "ஆனா நீங்க நேர்ல வந்து கேட்டிருந்தாலும் நான் அதையேதானுங்க சொல்லியிருப்பேன். பரவாயில்லீங்க சார்னு சொல்லியிருப்பேன். சொல்லிப்போட்டு, பஸ்ஸுல போறப்ப அழுதிருப்பேன்."

மயில்சாமி எழுந்தார். வைண்டிங் பிரிவு மூடப்படாது என்று சொன்னார். புதிய பிடிகளுக்கு அன்றைக்கே ஆர்டர் போனது. காயில் விற்பவரின் ஒப்பந்தம் மேசையிலேயே கிடந்து, பின்னொரு நாள் வடை வைக்கப் பயன்பட்டது.

அடுத்தது ஜெரின். அவனைத் திரும்ப வரவழைத்தார்கள். மயில்சாமி ஒரே ஒரு மாற்றம் கேட்டார்.

"ஒண்ணுமில்ல, பரவாயில்ல, நல்லா இருக்கறேன்னு மட்டும் சொன்னவங்க யாரும் பச்சையா நிக்கக் கூடாது. சாம்பல் நிறத்துல நிக்கட்டும்."

"சாம்பலா சார்?" ஜெரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எங்க மத்த வாடிக்கையாளருங்க எல்லாம் அந்தப் பச்சையப் பாக்கத்தான் சார் இத வாங்குதாங்க. சாம்பல்னா என்ன அர்த்தம்னு கேப்பாங்க."

"எங்களுக்குத் தெரியலேன்னு அர்த்தம்."

"சரி சார். எப்ப நிறம் மாறணும்?"

"யாராச்சும் போயி, பக்கத்துல உக்காந்து கேட்ட பொறகு. மொதத் தடவை சொல்ற பதில எடுத்துக்காதீங்க தம்பி."

"உக்காந்தாங்களான்னு கம்ப்யூட்டருக்கு எப்படி சார் தெரியும்?"

"அது தெரிய வேண்டாமுங்க," என்றாள் சிவசங்கரி. "அத நாங்க பாத்துக்கறோம்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோகிலவாணியின் பொம்மை சொன்னதும் அதே வாக்கியம்தான்.

ஜெரின் அங்கேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தான். முற்றம் மறுபடியும் திரையில் விரிந்தபோது மழைக்கு முந்திய வானம் போலிருந்தது. எங்கு பார்த்தாலும் சாம்பல். வைண்டிங் பெண்கள் மட்டும் ஒரு மூலையில் மஞ்சளாக நின்றார்கள். பேக்கிங் பிரிவு வழக்கம்போலச் செக்கச்செவேல் என்றிருந்தது.

மயில்சாமி நெடுநேரம் பார்த்தார். "இத்தன நாளா நம்ம கம்பெனியில உண்மையப் பேசிட்டு இருந்தவன் துரைசாமி ஒருத்தன்தானா?"

"சொல்லிராதீங்க சார்," என்றாள் சிவசங்கரி. "மூணாவது டீ மிஷின் கேப்பான்."

கேட் அருகே நின்ற மயில்சாமி பொம்மையும் பச்சையாக இல்லை. லேசான சிவப்பு. அது அவருக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

நன்றி சொல்லக் கோவிலுக்குப் போனார். "சிவப்புப் பூவக் குடுத்து நல்ல வழி காட்டிருச்சு சாமி," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆண்டியப்பன் திருநீற்றுத் தட்டோடு அசையாமல் நின்றார்.

"என்ன ஆண்டியப்பா, ஏன் மொகம் ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க."

இப்போதெல்லாம் மயில்சாமிக்கு அந்த வார்த்தை காதில் பட்டால் போதும், கால் நகராது. கோவில் படியில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினார். பூசாரியும் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்.

"அன்னிக்கு வெள்ளைப் பூவே வரலீங்க," என்றார் ஆண்டியப்பன், செருப்படி விழும் என்று எதிர்பார்ப்பவர்போல. "பூக்காரம்மாகிட்டச் சிவப்பு மட்டுந்தான் இருந்துச்சு. நீங்க அத்தன நம்பிக்கையா வந்து நின்னீங்க. இல்லேன்னு சொல்ல மனசு வரலீங்க. ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்புத்தானுங்க வெச்சேன்."

மயில்சாமி கருவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிள்ளையார் எதுவும் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். மயில்சாமிக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாயிற்று என்பதால், கேட்டில் இருந்த காவலாளிகூட எட்டிப் பார்த்தார்.

"அப்ப செவ்வாய் ஒப்பந்தத்துக்கு?"

"ஐயோ, அன்னிக்கு ரெண்டு நெறமும் இருந்துச்சுங்க சார். சாமி சத்தியமா!"

மனிதர்கள் ஒருவர் மனம் ஒருவர் நோகாமல் பார்த்துக்கொள்வதற்காகச் சொல்லும் சின்னப் பொய்களின் வழியாகவும் வந்து சேரத் தெரிந்தவர்தான் போலிருக்கிறது கடவுள். அதற்கும் யாராவது ஒருவர் சற்று நேரம் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

மயில்சாமி அலுவலகத்துக்குத் திரும்பியபோது ஜெரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றான். மேசை மேல் ஒரு தூக்குப்போசி இருந்தது. வைண்டிங் பெண்கள் இப்போது முறை வைத்துக்கொண்டு அவருக்கு மதியச் சோறு கொண்டுவருகிறார்கள். அன்று கோகிலவாணியின் முறை. மூடியைத் திறக்காமலே கொள்ளுக் குழம்பு மணத்தது.

"சாப்ட்டியா தம்பி?"

"ஆச்சு சார்."

மயில்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். வந்ததிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திராத பையன். சாம்பல் நிறத்தில் நின்றான். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானும் எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க சாப்ட்டே?"

ஜெரின் திரையைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டு, பையைக் கழற்றிக் கீழே வைத்தான். "வர்ற வழியில பஸ்ல ரெண்டு பிஸ்கட்டு சார்."

இருவருக்கும் இலை வந்தது. பையன் தலை நிமிராமல் சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு போட்டபோது இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, "போதும் சார்," என்றான்.

மயில்சாமி அந்தக் கையை மெல்ல விலக்கி, இன்னும் ஒரு கரண்டி போட்டார்.